மூன்று முறை கழுவிய சக்கை

எங்கள் ஊர் அங்கன்வாடி அப்போது ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. மாசி பாதி தாண்டினாலே பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. டீச்சர் கோணிச்சாக்கை நனைத்துக் கூரைமேல் வீசுவார். அரை மணி நேரத்தில் அது அப்பளமாய்க் காய்ந்து கிடக்கும். ஒரு சித்திரையில் என் மகன் அந்தக் கொட்டகைக்குள் மயங்கி விழுந்தான். மூன்று வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன். நான் தொப்பூரில் ஒரு லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அவன் கண் விழித்து, நர்ஸம்மா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அடுத்த இரண்டு நாளும் அவனை இடுப்பிலிருந்து இறக்க முடியவில்லை.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சொன்னவர்கள் உண்டு. சொல்கிறவர்களுக்கு என்ன? பாலக்கோடு ரோட்டில் ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். சிமெண்ட் தூசிக்கும் மிக்ஸர் மெஷினுக்கும் நடுவில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வேலை பார்க்க முடியுமா? தக்காளி பறிக்கப் போகும் மற்ற அம்மாக்களுக்கும் அதே கதைதான். அடுத்த சித்திரைக்குள் அந்தப் பிள்ளைகளுக்கு வெயில் இறங்காத ஒரு அறை வேண்டும். எனக்கு அந்த வருஷம் அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

புதுக் கட்டிடத்துக்கு அனுமதி வந்தபோது வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். நாலு பக்கம் சிமெண்ட் கல், மேலே ஷீட். அதாவது பெரிய அடுப்பு. நான் போடுகிற கல்தான், எனக்குத் தெரியாதா அது எப்படிக் கொதிக்கும் என்று? அதை ஊராட்சி மன்றக் கூட்டத்தில் சொன்னேன். சொன்னேன் என்றால் மெதுவாக இல்லை. என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது ஊரறிந்த விஷயம்.

அந்த வாயால்தான் ஒரு தம்பி எங்களிடம் வந்து சேர்ந்தார். பெங்களூரில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அலுவலகத்தில் ஆர்க்கிடெக்ட். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், எங்களிடம் ஒரு மாதிரித் தமிழ். கரும்பு பிழிந்த சக்கையையும் சுண்ணாம்பையும் கலந்து கல் செய்யலாம், அந்தக் கல் வெயிலை உள்ளே விடாது என்று சொல்லிக்கொண்டு, சக்கை கிடைக்கும் ஊர்களாகத் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஒன்றிய அலுவலகத்தில் யாரோ, "கல்லைப் பத்திக் கத்தற அம்மா ஒண்ணு இருக்குது, அங்க போங்க" என்று அனுப்பிவிட்டிருக்கிறார்கள்.

"சக்கையில செவுரா?" என்று கேட்டேன். "எங்க ஊரு மாட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க தம்பி. ஒரே ராத்திரியில கட்டடத்தைத் தின்னுட்டுப் போயிரும்."

அவர் சிரிக்கவில்லை. "சுண்ணாம்பு கலந்திருக்கும்க்கா, மாடு தொடாது. நாங்க வெச்சுப் பாத்துட்டோம்" என்றார். நிஜமாகவே ஒரு மாட்டின் முன் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதிலில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இனி வரப்போகிற நகரங்களுக்கு மணலும் பத்தாது, மண்ணும் பத்தாது, மிஞ்சிப்போவதிலிருந்துதான் வீடு கட்டியாக வேண்டும் என்று அவர் விளக்கினார். நகரம் வரும்போது வரட்டும், முதலில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அறை வரட்டும் என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தோம்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கட்டிடத்தில் இருக்கப் போகிறவர்களும் அதைக் கட்டப் போகிறவர்களும் சேர்ந்துதான் அதை வரைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறை ஷெட்டில் பெரிய சார்ட் காகிதத்தை ஒட்டிவிட்டு, பேனாவை நடுவில் வைத்துவிடுவார். டீச்சர் வந்தார், அம்மாக்கள் வந்தார்கள், கொத்தனார்கள் வந்தார்கள். முதல் வாரம் எல்லாரும் டீ குடித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரம், என் பட்டறையில் கல் தூக்கும் அக்கா அவர் வரைந்து வைத்திருந்த கல்லைப் பார்த்து வாய் திறந்தார்.

"இவ்ளோ பெருசா இருந்தா ரெண்டு ஆளு வேணும். ஒரு பொம்பள ஒரு கையில புடிச்சுத் தூக்கற மாதிரி போடுங்க. நடுவுல கை நொழையறதுக்கு ஒரு குழி வைங்க."

கல் பாதியாகச் சிறுத்தது. நடுவில் குழி வந்தது. டீச்சர் ஜன்னலைக் கீழே இறக்கினார். பிள்ளைகள் உட்கார்ந்தபடி ரோட்டைப் பார்க்க வேண்டுமாம். ஒரு கல்லோடு இன்னொன்று பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் பள்ளமும் மேடும் கேட்டேன். சொன்னது எல்லாம் சார்ட்டில் ஏறியது. அதில் ஒரு விதி உண்டு. யார் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் எழுதிவிட வேண்டும். ஒரு கை தண்ணீர் அதிகம் ஊற்றினால்கூட.

ஒன்றிய இன்ஜினியர் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதம் பேசுகிறவர். "பங்குனி கடைசிக்குள்ள கல்லு டெஸ்ட்டுல பாஸ் ஆகணும்மா. பாஸ் ஆனா உங்க இஷ்டம். ஆகலைன்னா பழைய பிளான்தான், சிமெண்ட் கல்லு, ஷீட்டு. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் பத்துப் பதினைந்து கல் போட்டுப் பார்த்தோம். சக்கையைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மிதித்து, கழுவி, பிழிய வேண்டும். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அது ஏன் என்று அந்தத் தம்பி எல்லாரையும் உட்கார வைத்து விளக்கிய நாளில் நான் ஒரு லோடோடு அரூர் போயிருந்தேன். வந்து அக்காவிடம் கேட்டேன். "இனிப்பு இருந்தா எறும்பு வருமாம்" என்றார். தம்பி சொன்ன காரணங்களில் அக்கா மனதில் நின்றது அது ஒன்றுதான். எறும்புக்காக இத்தனை பாடா என்று நினைத்துக்கொண்டே நானும் இறங்கி மிதித்தேன். அந்தக் கல்லெல்லாம் நன்றாகவே வந்தது.

பங்குனி பிறந்தது. டெஸ்ட்டுக்கும் முதல் சுவருக்குமாகச் சேர்த்து இருநூறு கல் போட வேண்டும். தம்பிக்கு பெங்களூரில் ஏதோ வேலை. அளவை எழுதிக் கொடுத்துவிட்டு, "நீங்க பாத்துக்குவீங்கக்கா" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போனார்.

இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது. கல்யாணத்துக்கு முன்னால் தீர்த்தமலைப் பக்கம் ஒரு பழைய மண்டபத்தைச் சரிசெய்யும் வேலைக்குச் சித்தாளாகப் போயிருந்தேன். அங்கே சுண்ணாம்புக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றுவார்கள். அப்படி ஊற்றினால்தான் சுண்ணாம்பு இரும்பு மாதிரி இறுகும் என்பார்கள். இந்தத் தம்பியின் அளவில் சுண்ணாம்பு இருந்தது, கூடவே கொஞ்சம் சிமெண்ட் இருந்தது, வெல்லம் மட்டும் இல்லை. படித்த பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். என் பிள்ளை தூங்கப்போகிற அறை. சும்மா விட மனசு வருமா? வீட்டிலிருந்து ஆறு அச்சு வெல்லத்தை எடுத்து வந்து பக்கெட்டில் கரைத்தேன். முதல் கலவைக்குத் தாராளமாக ஊற்றினேன். அடுத்தடுத்த கலவைகளுக்கு மிச்சத்தைப் பிரித்து ஊற்றினேன்.

சார்ட்டில் எழுதினேனா? இல்லை. எங்கள் பக்கத்தில் கைப்பக்குவத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டோம். குழம்பில் என்ன போட்டாய் என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, எப்பவும் போடறதுதான்" என்போம். கல் நன்றாக வந்தபின் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பெருமையை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், கல்லில் கட்டைவிரல் இறங்கியது. வழக்கமாக மறுநாளே எடுத்து அடுக்கிவிடலாம். இது கேசரி மாதிரி இருந்தது. அன்றைக்கே தம்பியும் வந்துவிட்டார். ஒவ்வொரு கல்லாக அழுத்திப் பார்த்தார். அவர் நிமிரும்வரை நான் பொறுக்கவில்லை.

"உங்க அளவுலதான் எங்கியோ கோளாறு" என்று ஆரம்பித்தேன். டீச்சர் இருந்தார், அக்கா இருந்தார், இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். "பத்துக் கல்லுக்குச் சரியா இருந்தது இருநூறுக்கும் சரியா இருக்கும்னு யாரு சொன்னது? வந்து பக்கத்துல நிக்க மாட்டீங்களா? இது உங்களுக்கு ஒரு புராஜெக்ட்டு, போனா போகட்டும்னு அடுத்த ஊருக்குப் போயிருவீங்க. எங்களுக்குப் பிள்ளைங்க."

அவர் தலையாட்டினார். "ஆமாங்கக்கா, நான் இருந்திருக்கணும்" என்றார். பிறகு அந்த அம்மாக்களிடம் போய், தன் தப்பு என்று தனியாகவும் சொன்னார். "சக்கையைச் சரியாக் கழுவலையோ என்னவோ. இனிப்பு கொஞ்சம் நின்னுட்டாலும் சிமெண்ட் இறுகாதுங்க. அதுக்குத்தான் மூணு தடவை கழுவச் சொன்னது. அது எறும்புக்காக மட்டும் இல்ல."

திரும்பி முதல் வரிசையைப் பார்த்தேன். நான் தாராளமாக ஊற்றிய வரிசை. கட்டெறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது. பக்கெட்டின் விளிம்பிலும் எறும்பு. மூன்று பேர் மூன்று முறை மிதித்து வெளியேற்றிய இனிப்பை நான் ஒருத்தி பக்கெட்டில் கரைத்துத் திரும்ப உள்ளே ஊற்றியிருக்கிறேன். ஆளைக் கூட்டி வைத்து அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்து எறும்பைக் கூட்டித் தள்ளினேன். ஊரையே வாயால் அடக்கியவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. இரண்டு நாள் அப்படிப் போனது. சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர், "என்ன, பட்டறையில சண்டை போட ஆளு கெடைக்கலியா?" என்று கேலி செய்தார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. எனக்கு உட்கார்ந்தாலும் குறுகுறுத்தது, நின்றாலும் குறுகுறுத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புதிதாகப் போட்டால் சுண்ணாம்புக் கல் காய்ந்து தேறப் பங்குனி பத்தாது. இன்ஜினியருக்குப் போன் செய்து பழைய பிளானையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றார். தன் கணக்கு எங்கே தப்பியது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இன்னொரு ஊரில் போய்ப் பிள்ளைகள் இருக்கிற கட்டிடத்தில் இதைச் செய்யப் பயமாக இருக்கிறது, இத்தோடு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். போனைக் கையில் எடுத்தார்.

"போனை வைங்க தம்பி" என்றேன். "உங்க அளவு சரிதான். நான்தான் வெல்லத்தைக் கரைச்சு ஊத்திட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். நான் தீர்த்தமலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் தரையில் உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார்.

"எவ்ளோ வெல்லம்க்கா?"

"ஆறு அச்சு."

"எத்தனை மூட்டை சிமெண்ட்டுக்கு? ஒவ்வொரு கலவைக்கும் எவ்ளோ ஊத்துனீங்க? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, அவசரமில்ல."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே போனார், ஏதோ வகுத்தார், பெருக்கினார். பிறகு சொன்னார்: முதல் வரிசை தேறாது. மற்றதில் வெல்லம் ரொம்பக் கொஞ்சம். அந்த அளவுக்குச் சிமெண்ட் செத்துப்போகாது, தள்ளிப்போகும், அவ்வளவுதான். "உடைச்சுடாதீங்க. ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க. காத்திருந்து பாப்போம்." கடைசியில், "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு ராத்திரி நான் தூங்கியிருப்பேனேக்கா" என்றார். அது மட்டும்தான் அவர் கோபத்தில் சொன்னது. அதற்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டேன். ஆள் முன்னால் திட்டியதை ஆள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். சார்ட்டில் என் கையாலேயே எழுதினேன்: வெல்லம், ஆறு அச்சு, சொல்லாமல் போட்டது. எழுதி முடித்ததும் முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கல் இறுகுமோ இறுகாதோ, அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். டீ வந்தபோது அக்கா சும்மா இருப்பாரா? "சர்க்கரை போதுமா, இல்ல ரெண்டு அச்சு கரைக்கட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; வேறு வழி?

அதன்பிறகு தினமும் காலையில் சாக்கைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான் வேலை. சாக்கு போட்டு மூடிய ஐந்தாம் நாள் விரல் இறங்கியது. ஆறாம் நாளும் இறங்கியது. தீர்த்தமலை சாமிக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன், மகனுக்கு. வீட்டுக்காரர், "தப்பு பண்ணது நீ, மொட்டை அவனுக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எட்டாம் நாள் விரல் இறங்கவில்லை, நகம் மட்டும் கீறியது. பத்தாம் நாள் நகமும் வழுக்கியது. ஒரு கல்லை இன்னொரு கல்லில் தட்டினேன். ணங் என்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தம்பிக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் போனுக்குப் பக்கத்தில் இரண்டு கல்லையும் தட்டிக் காட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர், "இன்னொரு வாட்டி தட்டுங்கக்கா" என்றார்.

முதல் வரிசை கடைசிவரை தேறவில்லை. உதிர்த்துத் தென்னைக்கு அடியில் போட்டோம்.

பங்குனி முடிய நான்கு நாள் இருக்கும்போது டெஸ்ட். கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்தார்கள், கரையவில்லை. பிறகு பாலிடெக்னிக்கில் இருக்கும் அழுத்துகிற மெஷினில் வைத்தார்கள். முள் ஏற ஏற நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். வேண்டிய இடத்தைத் தாண்டியும் முள் ஏறியது. அதற்குப் பின்தான் கல் விரிசல் விட்டது. இன்ஜினியர் மூன்று கல்லைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "இதுல என்னம்மா கலந்தீங்க?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில், ஒண்ணுமில்லீங்க என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, சுருட்டி வைத்திருந்த சார்ட்டை விரித்துக் காட்டினேன். வெல்லம் என்ற வரியில் அவர் நின்று, கண்ணாடியைக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டு படித்தார்.

சிமெண்ட் தூண் நிறுத்தி, நடுவில் எங்கள் கல்லைப் பூட்டிப் பூட்டி ஏற்றினோம். கூரைக்கும் அதே சக்கையில் பலகை மாதிரி போட்டு, மேலே ஓடு. முதல் சுவருக்குப் பிறகு போட்ட கல்லில் வெல்லம் கிடையாது. போடும்போதெல்லாம் அக்கா என் இடுப்பைத் தடவி முடிச்சு ஏதும் இருக்கிறதா என்று சோதனை போட்டுவிட்டுத்தான் மிக்ஸரை ஓட விடுவார். பட்டறை ஆட்கள் எல்லாரும் முறை வைத்து வந்தார்கள். சித்திரை முடிவதற்குள் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள்.

அந்த முதல் வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஒரு லோடு முடித்துவிட்டு, மூன்றரை மணிக்கு மகனைக் கூட்டிப்போக வந்தேன். பழைய கொட்டகையாக இருந்தால் ஒன்றரை மணிக்கே அழுகைச் சத்தம் ரோடு வரை கேட்கும். சத்தமே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். வாசலில் டீச்சர் உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார்.

"தூங்குதுங்க" என்று கிசுகிசுத்தார். "ரெண்டு மணிக்குப் படுத்ததுங்க. ஒண்ணும் எந்திரிக்கல. தக்காளிக்குப் போன அம்மாங்க வந்து பாத்துட்டு, அப்புறம் வர்றோம்னு போயிட்டாங்க."

உள்ளே பார்த்தேன். பத்தொன்பது பிள்ளைகள், பாயில் ஆளுக்கொரு திசையில் கிடந்தார்கள். என் மகன் வாயைத் திறந்துவைத்து, ஒரு காலைப் பக்கத்துப் பிள்ளைமேல் போட்டுக்கொண்டு தூங்கினான். அவனை நான் எழுப்பவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். வெளியே அனல் அடித்தது. முதுகுக்குச் சுவர் சில்லென்று இருந்தது. அவன் எழுந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடலாம், ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன்.

யாரோ என் கன்னத்தைத் தட்டினார்கள். கண் விழித்தால் என் மகன். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். டீச்சர் சாவியோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"மா, எந்திரி" என்றான். "வூட்டுக்குப் போலாம்."